டேப் சுற்றிய கை

திருவொற்றியூர்
6 அக்டோபர் 2024

அருமைத் தம்பி பாலகணேஷுக்கு,

அக்கா பூமாரி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை முதல் வரியிலேயே எழுது. நாலாம் பக்கத்தில் எழுதாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். போனில் நீ பேசுவது என்ன? "ம்", "சரிக்கா", "வச்சிரட்டா". அம்மா அப்பா போன பிறகு உன்னை வளர்த்தவள்டா நான். மூன்று வார்த்தையை வைத்து நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? காகிதத்தில் எழுதினால் நீ பொய் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்துவிடும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை நம் கடை கிடையாது. எனக்கு எழுத நேரம் இருக்கிறது, உனக்கும் இருக்கட்டும்.

பக்கத்துக் கடை அலெக்ஸாண்டர் அண்ணாச்சி, "ஒங்க தம்பி புனேல என்ன படிக்கிறாப்ல?" என்று கேட்டார். டாக்டர் பட்டத்துக்கு என்றேன். "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். ஆஸ்பத்திரி இல்லை, கிருமி ஆராய்ச்சி என்றேன். "அப்ப கிருமிக்கு ஒடம்பு சரியில்லன்னா ஒங்க தம்பிகிட்டத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஒரு வாரமாக மார்க்கெட் முழுக்க நீ "கிருமி டாக்டர்". எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எனக்குப் புரிகிற பாஷையில் நீ என்ன செய்கிறாய் என்று எழுது, நான் அவர் வாயை அடைக்க வேண்டும்.

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா
பூமாரி

*

புனே
14 அக்டோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதோ முதல் வரி. அத்தானுக்கு என் வணக்கம்.

கிருமி டாக்டர் என்ற பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமி கக்கும் நச்சையும் அதற்கு நம் உடம்பு கொடுக்கும் பதிலையும். நம் ரத்தத்தில் டி செல்கள் என்று உண்டு. அவற்றை உங்கள் மார்க்கெட் கடைகள் என்று வைத்துக்கொள். ஒருவர் துண்டுச் சீட்டில் "எட்டு எம்.எம். கம்பி" என்று எழுதிக்கொண்டு வருகிறார். ஆங்கிள் கடை அசையாது, ஷீட் கடை அசையாது. எட்டு எம்.எம். வைத்திருக்கிறவர் மட்டும்தான் எழுந்து வருவார். உடம்பிலும் அப்படித்தான். காவலுக்கு நிற்கும் ஒரு செல், உள்ளே வந்த எதிரியின் ஒரு துணுக்கைச் சீட்டுப்போல ஏந்திக் காட்டும். லட்சத்தில் ஒரு டி செல்லுக்கு மட்டும் அது பொருந்தும். அது எழுந்து, பெருகி, மற்ற செல்களுக்கு எதிர்ப்பு மருந்து செய்யச் சொல்லிக்கொடுக்கும்.

துருப்பிடித்த இரும்பு குத்தினால் டிடி ஊசி போடுகிறீர்களே, அதில் இருப்பது பல் பிடுங்கிய நச்சு. அதைக் காட்டி நம் செல்களுக்கு முன்கூட்டியே பாடம் நடத்துகிறோம். நிஜ நச்சு வரும்போது அவை தயாராக இருக்கும்.

அலெக்ஸாண்டர் அண்ணாச்சிக்கு இவ்வளவு போதும். நவம்பர் 22ஆம் தேதி என் ஆய்வுக்கு வாய்மொழித் தேர்வு. வயிறு இப்போதே கலக்குகிறது.

அன்புடன் தம்பி
பாலகணேஷ்

*

திருவொற்றியூர்
27 அக்டோபர் 2024

என் தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். நீ வயிறு கலக்கம் என்று எழுதியதைப் படித்து எனக்கும் கலக்கிவிட்டது. சீரகத் தண்ணீர் குடி.

உன் கடிதத்தை அலெக்ஸாண்டர் அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "பரவால்லையே, நம்ம கடையெல்லாம் ஒடம்புக்குள்ள இருக்கா!" என்றார். இனி வாயைத் திறக்க மாட்டார்.

தீபாவளி நெருக்கடி, கடையில் நிற்க இடமில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. நேற்று முன்தினம் ஷீட் இழுக்கும்போது வலது உள்ளங்கையில் சின்னக் கீறல். கட்டுப் போட்டாயிற்று. டிடி ஊசி போன வருஷமே போட்டிருக்கிறேன், அதனால் உன் செல்களெல்லாம் தயார். கவலைப்படாதே.

ஒன்று கேட்கிறேன். இந்தக் கடைக்காரர்களையே ஏமாற்றுகிற நச்சு ஏதாவது இருக்கிறதா? எதற்கும் ஒரு கள்ளன் இருப்பானே.

தேர்வு முடியும்வரை வேறு எதையும் நினைக்காதே. வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

அக்கா

*

புனே
2 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சீரகத் தண்ணீர் வேலை செய்கிறது. உன் கை எப்படி இருக்கிறது? கீறலைத் தினமும் கட்டவிழ்த்துக் கழுவு. டிடி ஊசி ஒரே ஒரு நச்சுக்குத்தான் காவல், எல்லாவற்றுக்கும் இல்லை.

கள்ளனைப் பற்றிக் கேட்டாயே. நான் நாலு வருஷமாக மாரடிப்பது அவனோடுதான்! ஸ்டாஃப் என்று ஒரு கிருமி. பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும். அதில் சில வகை ஒரு நச்சைச் செய்யும். அதற்கு சூப்பர் ஆன்டிஜென் என்று பெயர். அது சீட்டைக் காட்டாது. வாங்க வந்தவர் கையையும் கடைக்காரர் கையையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்துக் கட்டிவிடும். உடனே மார்க்கெட்டில் ஐந்தில் ஒரு கடைக்காரர், "எனக்குத்தான் ஆர்டர்" என்று கூவிக்கொண்டு சரக்கைத் தெருவில் எறிவார். லட்சத்தில் ஒருவர் எழ வேண்டிய இடத்தில் ஐந்தில் ஒருவர். யோசித்துப் பார், சாத்தாங்காடு என்ன ஆகும்? உடம்பைச் சாய்ப்பது கிருமி இல்லை அக்கா, நம் ஆட்களே போடும் கூச்சல்தான். அந்தக் கூச்சலில் ரத்தக்குழாய் கசியும், ரத்த அழுத்தம் விழும்.

இது வந்தவருக்குத் திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, எழுந்து நின்றால் மயக்கம், வெயிலில் காய்ந்தது போல உடம்பெல்லாம் சிவப்பு. கிருமி மூடிக் கட்டிய ஏதோ ஒரு காயத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காயத்தைப் பார்த்தால் சாதுவாக இருக்கும், சீழ்கூட இருக்காது. அதனால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். ரொம்ப அபூர்வம். நான் சோதனைக்கூடக் கிண்ணத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

தேர்வில் இதைத்தான் சொல்லப் போகிறேன். உனக்குப் புரிந்ததா என்று எழுது. புரிந்தால் அவர்களுக்கும் புரியும்.

தம்பி

*

திருவொற்றியூர்
12 நவம்பர் 2024

மாப்பிள்ளை பாலகணேஷுக்கு அத்தான் வெள்ளத்துரை எழுதுவது.

இங்கு மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. உன் கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். பலமுறை படித்தேன்.

உன் அக்காவுக்குக் கை கீறல் ஆறும்வரை எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவள் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அதனால் போனில் கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதே.

ஒரு விஷயம் கேட்கச் சொன்னாள். அந்த நச்சு உடம்பில் எத்தனை நாள் இருக்கும்? காயத்தைத் திறந்து கழுவிய பிறகும் கூச்சல் தொடருமா? உடனே பதில் எழுது.

தேர்வை நல்லபடியாகச் செய்.

வெள்ளத்துரை

*

புனே
16 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

காயத்தைத் திறந்து கழுவினால் நச்சின் ஊற்று நின்றுவிடும். நச்சு செய்வதையே நிறுத்துகிற மருந்தும் உண்டு. பிறகு கூச்சல் தானாக அடங்கும், சில நாள் பிடிக்கும். அடங்க ஆரம்பித்துவிட்டால் ஆள் தேறிவிடுவார். ஏன் அத்தான், தேர்வு எனக்கா, உங்களுக்கா? எனக்கு வழிகாட்டும் பேராசிரியர்கூட இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

போன வாரம் உங்கள் நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. சட்டைப் பையில் அழுந்தியிருக்கும். நானும் சோதனைக்கூடத்தில் இருந்தேன், "வச்சிர்றேன் அத்தான்" என்று வைத்துவிட்டேன்.

அக்காவை இடது கையாலாவது நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அவள் திட்டாமல் தேர்வுக்குப் போனால் எனக்கு நாக்கு புரளாது.

பாலகணேஷ்

*

புனே
26 நவம்பர் 2024

அக்காவுக்கு,

தேறிவிட்டேன். உன் தம்பி டாக்டர் பாலகணேஷ். போனில் அத்தானிடம் சொன்னபோது "சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார். உன்னைக் கூப்பிடச் சொன்னால் நீ குளிக்கிறாய் என்றார். சாயங்காலம் கூப்பிட்டால் கோயிலுக்குப் போயிருக்கிறாய். மறுநாள் தூங்குகிறாய். பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிற ஆளா நீ?

தேர்வாளர்களில் ஒரு அம்மா கேட்டார், "இந்த நோய் வந்த யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?" "இல்லை, பார்த்ததே இல்லை" என்றேன். அது ஒன்றுதான் எனக்குக் குறையாகப் பட்டது. மற்ற எல்லாம் பிரமாதம். ஆனால் முடித்து வெளியே வந்து யாரிடம் கத்திச் சொல்வது? எனக்கு இருப்பது நீ ஒருத்திதானே!

அக்கா, நான் ஒன்றும் குழந்தை இல்லை. என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள். கோபம் என்றால் திட்டு. வேறு ஏதாவது என்றால் சொல். 

பாலு

*

திருவொற்றியூர்
30 நவம்பர் 2024

மாப்பிள்ளைக்கு,

முதலில் இதைப் படி. உன் அக்கா உயிரோடு இருக்கிறாள், வீட்டில் இருக்கிறாள், பக்கத்து அறையில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். இனி மற்றதைப் படி.

அந்தக் கீறல் சின்னதில்லை. ஷீட் ஓரம் உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "ஒரு கீறலுக்குப் பூமாரி ஆஸ்பத்திரிக்கு ஓடினான்னு மார்க்கெட்டே சிரிக்கும்" என்றாள். நம்ம லோடு தூக்குகிற வேம்பு, "இத்துக்குப் போயி இன்னாத்துக்கு டாக்டரு? கையைக் குடுக்கா" என்று மார்க்கெட்டில் எல்லோரும் செய்வதைச் செய்தான். கிரீஸ் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியைக் காயத்தில் வைத்து அமுக்கி, மேலே கறுப்பு வயர் டேப்பை இறுக்கிச் சுற்றினான். தண்ணீர் படாது, வேலை முடியும்வரை அவிழாது. நான் எத்தனையோ முறை அப்படிக் கட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு அதன் மேலேயே வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள்.

தீபாவளி கழிந்த ஞாயிறு காய்ச்சல். மறுநாள் வாந்தி, பேதி. எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாள். தெருவெல்லாம் டெங்கு, நாங்களும் அதுதான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பு சிவந்திருந்ததை நான் வெயில் என்று நினைத்தேன். கையில் என்ன கட்டு என்று அங்கே பார்த்த டாக்டரம்மா கேட்டதற்கு, "சின்னக் கீறல், டிடி போட்டாச்சு" என்று அவளே சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் பிரஷர் நிற்கவே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். டெங்கு இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மாவும் குழம்பிப்போயிருந்தார்.

அன்று உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவன், வாசலில் கிடந்த உன் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வராந்தாவில் உட்கார்ந்து பிரித்தேன். படிக்க வேறு எதுவும் இல்லை. "வெயிலில் காய்ந்தது போல" என்ற இடத்தைத் திரும்பப் படித்தேன். "மூடிக் கட்டிய காயம்" என்று படித்ததும் ஓடினேன். செருப்பு ஒரு பக்கம் கழன்று கிடந்ததாம், பிறகு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டரம்மா கடிதத்தை நின்றபடியே படித்தார். "கட்டைப் பிரிங்க" என்றார். டேப்பை வெட்டினார்கள். நீ எழுதியபடியே காயம் சாதுவாக இருந்தது. உள்ளே அந்தத் துணியின் நூல் ஒட்டியிருந்தது. திறந்து கழுவி, மருந்தை மாற்றினார்கள். அடுத்த நாள் பிரஷர் ஏறத் தொடங்கியது. நான் வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன் மாப்பிள்ளை. வெட்கப்படவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கினாள். "பரீட்சையை விட்டுட்டு ஓடி வந்துருவான்" என்றாள். அந்தப் பேசாத போன் அவள்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். உன் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் போல ஆகிறது. இப்போது வேறு ஒரு பயம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிகிறது. இப்படி ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொன்னார். இவள் நம்பவில்லை. அழுகிறாள். "தம்பி சொல்லட்டும்" என்கிறாள். போனில் உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னை மன்னித்துவிடு.

வெள்ளத்துரை

*

புனே
18 டிசம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு குண்டக்கல் தாண்டும் முன்பே தீர்ந்துவிட்டது. அத்தானுக்கு என் வணக்கம். அவரை மன்னிக்க எனக்கு என்ன தகுதி? அன்று அவர் ஓடிய ஓட்டத்தில்தான் நீ இருக்கிறாய்.

அவர் கடிதம் வந்த அன்றே ரயிலேறி, கதவைத் திறந்ததும் உன் உள்ளங்கையைப் பார்த்து நான் சிரித்தேன், நீ அடிக்க வந்தாய். சந்தோஷத்தில்தான் சிரித்தேன் அக்கா. அந்தத் தோல் உரிந்தால் கூச்சல் ஓய்ந்து ஆள் தப்பிவிட்டார் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். நாலு வருஷமாகக் கிண்ணத்தில் பார்த்ததை உன் கையில் பார்த்தேன். அப்புறம் மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். "பார்த்ததே இல்லை" என்று நான் சாதாரணமாகப் பதில் சொன்னபோது நீ கஞ்சி குடிக்கத் தெம்பில்லாமல் படுத்திருந்தாய்.  இனி என்னிடம் எதையும் மறைக்காதே. எந்தப் பரீட்சையும் உன்னைவிடப் பெரிதில்லை.

நானும் மறைக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உன் ரத்தத்தை இங்கே சோதித்தார்கள். அந்த நச்சுக்கு எதிர்ப்பு மருந்து உன் உடம்பில் கிட்டத்தட்ட இல்லை. சாதாரணமாக ஒரு நோய் வந்து போனால் உடம்பு பாடம் கற்றுக்கொள்ளும். இதில் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. கூச்சல் போட்ட டி செல்களில் பல செத்துவிட்டன, மிச்சம் சோர்ந்து கிடக்கின்றன. பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதனால் இன்னொரு முறை வரலாம். வர வேண்டும் என்று இல்லை, வரலாம். காயம் பட்டால் கழுவு, திறந்து பார், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வார்த்தையாக இதைச் சொல். பிப்ரவரியில் மறுபடி சோதிப்போம்.

பாலு

*

திருவொற்றியூர்
5 ஜனவரி 2025

தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கை காரணமில்லை. கை ஆறிவிட்டது, புதுத் தோல் குழந்தைத் தோல் போல இருக்கிறது. பயம்தான் காரணம். "இன்னொரு முறை வரலாம்" என்று நீ எழுதியதைப் படித்த பிறகு நான் கடைப்பக்கமே போகவில்லை. காய்கறி அரியக்கூட உன் அத்தானைத்தான் விட்டேன். நீ வந்திருந்தபோது நிஜத்தைச் சொல்லு என்று கேட்டவளும் நான்தான், சொன்னதும் சுருண்டு படுத்தவளும் நான்தான். உன்மேல் கோபமாகக்கூட இருந்தது, போ.

போன வாரம் வேம்பு வந்தான். உள்ளே வராமல் படியிலேயே நின்றான். "நா கட்ன கட்டுதானக்கா அது. நீ கடைக்கு வராம கீறது என்னாலதான்னு மன்சு ஆறல" என்று சொல்லிவிட்டுத் தேம்பினான். நாற்பது கிலோ கம்பியைத் தோளில் சர்வ சாதாரணமாகத் தூக்குகிற மனுஷன்டா. எனக்குத் தாங்கவில்லை. "கட்டச் சொன்னவ நான், நீ என்ன செய்வ" என்று காபி கொடுத்து அனுப்பினேன். மறுநாள் கடைக்குப் போய்விட்டேன்.

போனதும் முதல் வேலை, வாசலில் குழாய் போட்டுச் சோப்பு வைத்தேன். ஒரு பெட்டியில் சுத்தமான துணியும் பஞ்சும் கத்தரிக்கோலும். டேப்பு வயருக்கு, கைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது பக்கத்துக் கடைக்காரன், லாரிக்காரன் எல்லாம் கை கழுவ வருகிறான். அலெக்ஸாண்டர் அண்ணாச்சி எனக்கு "நர்ஸம்மா" என்று பெயர் வைத்துவிட்டார். கிருமி டாக்டருக்கு அக்கா நர்ஸம்மா, பொருத்தம்தான்.

பொங்கலுக்கு வருவாயா? வராவிட்டால் அங்கே கரும்பாவது வாங்கித் தின்னு.

அக்கா

*

புனே
19 பிப்ரவரி 2025

அக்கா, அத்தான் இருவருக்கும்,

நான் நலம். கடிதத்தைச் சுருக்கமாக எழுதுகிறேன். போன வாரம் வந்த அக்காவின் ரத்தத்தில் எதிர்ப்பு மருந்து தலைகாட்டியிருக்கிறது. கொஞ்சம்தான். ஆனால் டிசம்பரில் இருந்ததைவிட நிச்சயமாக அதிகம். இரண்டு முறை சோதிக்கச் சொன்னேன், இரண்டு முறையும் அதே. சோர்ந்து கிடந்த கூட்டத்தில் யாரோ ஒரு டி செல் எழுந்து வேலையை ஆரம்பித்திருக்கிறது. மெதுவாக, ஆனால் ஒழுங்கான முறையில்.

அதற்காகக் கழுவுவதை நிறுத்திவிடாதே. ஆனால் பயந்து சாகாதே. இன்று என் கணக்கில் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

உங்கள்
பாலு

*

திருவொற்றியூர்
9 மார்ச் 2025

அருமைத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உன் போன கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஒரு மூச்சு நன்றாக விட்டேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். கிரேன் ஓட்டுகிற ஜுபைர் சரக்கு இறக்க வந்தான். தண்டையார்பேட்டைக்காரன், கடை ஆரம்பித்த நாளிலிருந்து தெரியும். கிரேனிலிருந்து இறங்கும்போதே தள்ளாடினான். "என்ன ஜுபைரு, ஒரு மாதிரியா இருக்க?" என்றேன். "ஒண்ணும் இல்லக்கா. நோம்பு, அதான் கிறுகிறுன்னு கீது" என்றான். முகம் சிவந்திருந்தது. என் பார்வை கீழே இறங்கியது. இடது கையில் கறுப்பு டேப்.

"எப்ப கட்டுன?"

"வியாழக்கெழமன்னு நெனைக்கிறேன். கிரேன் ரோப்பு கிழிச்சிக்கிச்சு. டிடி போட்டுக்கினு கீறேன்க்கா, பேஜாராவாத."

 கழுத்தில் கை வைத்தேன், அனல். விரலால் அமுக்கினேன், வெளுத்து மறுபடி சிவந்தது. அங்கேயே அவனை உட்கார வைத்து டேப்பை வெட்டினேன். வேம்பு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தான். காயம் சாதுவாக இருந்தது தம்பி. யாராக இருந்தாலும் ஏமாந்துவிடுவார்கள்.

ஆட்டோவில் போகும்போது ஜுபைர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வூட்ல சொல்லாதக்கா. ஜஹானாரா பயந்துக்கும். நோம்பு நாளு, புள்ளைங்கள வச்சிக்கினு அவ இன்னா செய்வா? சரியாயி நானே சொல்லிக்கிறேன்." சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவன் மனைவி ஜஹானாராவுக்குப் போட்டேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, என்ன சந்தேகம், எல்லாம் சொன்னேன். ஜுபைர் என்னை முறைத்தான். முறைத்துக்கொள்ளட்டும்.

உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொன்னேன். அதே டாக்டரம்மா. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உடனே காயத்தைத் திறந்து கழுவி, மருந்து ஏற்றினார்கள். அவனுக்குத் தீவிர சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. பிரஷர் கொஞ்சம் இறங்கி, பிடித்துக்கொண்டது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நேற்று ஜஹானாரா கடைக்கு வந்தது, ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சியோடு. தூக்கைக் கல்லா மேல் வைத்தது. பிறகு, "ஆஸ்பத்திரில மொத நாளு ராத்திரி அவருக்கு குளுருல ஒடம்பு தூக்கிப் போட்டுச்சுக்கா. நா கையப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். நீ சொல்லாம இருந்திருந்தா, அவரு தனியா கெடந்திருப்பாரு, நா வூட்ல ஒண்ணும் தெரியாம கஞ்சி காச்சிக்கினு இருந்திருப்பேன்" என்றது. அது போன பிறகு நான் கடைக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அப்போதுதான்டா எனக்கு உறைத்தது. நவம்பரில் நான் போய்ச் சேர்ந்திருந்தால், நீ பரீட்சையில் பேசி முடித்து, சந்தோஷமாக ரயிலேறி, இனிப்போடு வந்து இறங்கியிருப்பாய். சுவரில் என் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கும். அந்த ஒரு நாளைத்தான் நான் உனக்காகப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், உன் நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டு. தப்புப் பண்ணிவிட்டேன் தம்பி. மனசாரச் சொல்கிறேன்.

இரண்டு நாளாக எனக்குத் தும்மல், மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை, பார்த்துவிட்டேன். பிரஷரும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. சாதாரண ஜலதோஷம்தான். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

உன் அக்கா
பூமாரி